பச்சைக் கல்லும் அதோட நகலும்

இன்னிக்கு நாம பேசப்போறது டார்பெர்னைட்ங்கிற கனிமத்தைப் பத்தி. மரகதப் பச்சை நிறம், மெல்லிய சதுரத் தகடுகள், நகம் பட்டாலே கீறல் விழுற அளவுக்கு மென்மை. செம்பு, யுரேனியம், பாஸ்பேட், தண்ணீர், இவ்வளவுதான் இதுல இருக்கு. எடையில கிட்டத்தட்ட பாதி யுரேனியம்!

சினிமாவுல வர்ற மாதிரி இது இருட்டுல ஒளிருமா? ஒளிராது. இதோட உறவுக்காரக் கனிமம் ஆட்டுனைட். அதுல செம்புக்குப் பதிலா கால்சியம் இருக்கும். புற ஊதா விளக்கைக் காட்டினா அது பளிச்சுனு மஞ்சள் பச்சையா மின்னும். டார்பெர்னைட்ல இருக்கிற செம்பு அந்த ஒளியை அமுக்கிடுது. ஆனா கதிரியக்கம் ரெண்டுலயும் உண்டு. அதனால, ஒளிர்றது வேற, கதிரியக்கம் வேற.

இப்போ 1898, பாரிஸ். அப்போ இந்தக் கல்லோட பேர் சால்கோலைட். மேரி கியூரி இதோட கதிர்வீச்சை அளந்து பார்க்கிறாங்க. சுத்தமான யுரேனியத்தைவிட ரெண்டு மடங்குக்கும் மேல! பாதிதான் யுரேனியம் இருக்கு, அப்போ கதிர்வீச்சு குறையத்தானே செய்யணும்?

அவங்க செஞ்ச வேலைதான் அருமை. சுத்தமான ரசாயனங்களைக் கலந்து, அதே கல்லை ஆய்வகத்துலயே தயாரிச்சாங்க. அதே சேர்மானம், அதே படிக அமைப்பு. ஆனா அதோட கதிர்வீச்சு யுரேனியத்தைவிடக் குறைவு. கணக்கு சரியா வந்துடுச்சு. அப்படின்னா, இயற்கையான கல்லுக்குள்ள யாருக்கும் தெரியாத வேற ஏதோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கணும்!

அந்தச் சந்தேகத்தோட பிட்ச்பிளெண்ட் தாதுவுல தேடினாங்க. அதே வருஷம் ஜூலையில பொலோனியம், டிசம்பர்ல ரேடியம்னு ரெண்டு புதுத் தனிமங்களை அறிவிச்சாங்க.

யுரேனியம் சிதைய சிதைய இந்த மாதிரித் தனிமங்கள் உருவாகும். மண்ணுக்குள்ள காலங்காலமா கிடந்த கல்லுல அது சேர்ந்திருக்கும். நேத்து செஞ்ச நகல்ல அதுக்கு நேரமே இருந்திருக்காது.

அந்தச் சிதைவு இப்பவும் நிக்கல. ரேடியத்துல இருந்து ரேடான் வாயு வந்துகிட்டே இருக்கும். அதோட, காத்துல காயும்போது இந்தக் கல் தன் தண்ணீரை இழந்து மெட்டாடார்பெர்னைட்டா மாறி, உதிர ஆரம்பிக்கும். அந்தத் தூள் மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆபத்து.

அதனால, அழகா இருக்கேனு யாராவது இதை வாங்கிப் படுக்கையறை அலமாரியில வெச்சா, தயவுசெஞ்சு தடுத்துடுங்க. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்னு ரசிக்க வேண்டிய கல் இது.