வீட்டுப் பியர்: இனிப்பு எங்கே போனது?

நண்பர் ஒருவரின் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று 20 லீற்றர் பியர் காய்ச்சினேன். 5 கிலோ முளைகட்டிய பார்லிக்கு அடர்த்திமானி 1.056 அளவில் காட்டியிருக்கவேண்டும். காட்டியதோ 1.040. சப்பென்ற பியரை அவர் முன் எப்படி வைப்பது?

சூட்டோடு அளந்தால் குறைத்துத்தான் காட்டும்; நான் 20 பாகைக்கு ஆறவிட்டே அளந்தேன். வெப்பமானியை உருகும் பனிக்கட்டிக்குள் வைத்தேன், சரியாக 0. ஆகவே ஊறவைத்த 66 பாகையைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. ஊறல் நீரில் விட்ட அயடீன் துளியும் கறுக்கவில்லை.

பிறகுதான் சக்கையைக் கிளறினேன். முழு முழு மணிகள்! கடித்தால் உள்ளே வெள்ளை மா. கடையில் உடைத்துத் தந்தது. பார்க்காமல் கொட்டியது என் பிழை. உடையாத மணிக்குள் நீர் சரியாகப் புகாது, மாப்பொருள் சீனியாகாது. அதற்காக மாவாக அரைக்கவும் கூடாது. உமிதான் நமக்கு வடி. அது நொறுங்கினால் அடைத்துக்கொள்ளும். “குரக்கன் அரைக்கிற பதமில்லை, பயறு உடைக்கிற பதம்” என்றார் மனைவி.

இரவல் வாங்கிய கை ஆலையின் உருளைகளை 1 மில்லிமீற்றர் இடைவெளிக்கு நெருக்கினேன். கழுவும் நீரையும் அவசரப்படாமல் ஊற்றினேன். இம்முறை 1.054. பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. முதற் காய்ச்சலை நானே குடித்து முடிக்கிறேன்.