விஞ்ஞானி கையில் நம் கருவி



விஞ்ஞானிகள் தாங்களே புரோகிராம் எழுத உதவும் கருவிகளை வடிவமைப்பது என் வேலை. "நாமே எழுதிக் கொடுத்தா போதாதா சார்?" என்பார்கள். போதாது. ஆராய்ச்சியில் கேள்வி தினமும் மாறும். 1957-ல் ஐ.பி.எம். 704 கணினிக்கு ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானைத் தந்தபோதே, சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே எழுதும் வழி அவர்களுக்குத் திறந்துவிட்டது.

ஆனால் எளிமை மட்டும் போதுமா? 'மார்ச்1' என்றொரு மரபணு. எக்செல்லில் அடித்தால் மார்ச் முதல் தேதியாகிவிடும், சத்தமே இல்லாமல்! எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதை 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2020-ல் மரபணுவின் பெயரையே மாற்றினார்கள். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி எக்செல்லில் 2023-ல்தான் வந்தது.

நானும் அதே தப்பைச் செய்தவன்தான். விடுபட்ட அளவீடுகளைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி என் கருவியை அமைத்தேன். புரோகிராம் நிற்காமல் ஓடட்டுமே என்ற நல்லெண்ணம்! "சராசரி ஏன் சார் இவ்வளவு குறையுது?" என்று ஓர் ஆய்வு மாணவி கேட்டபோதுதான் உறைத்தது. அவருடைய மூன்று வார உழைப்பு வீண். இப்போது என் கருவி நின்று, "17-வது வரியில் அளவீடு இல்லை, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறது.

தம்பி தங்கைகளே, கருவி செய்யுமுன் அதைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டாதே என்று வைவாவில் நம் வாத்தியார்கள் சொன்னது கருவிக்கும் பொருந்தும்.