புழுக்குக்குப் பத்துப் பேர் வேண்டும்

(விழிஞ்ஞத்தில் நடைபெற்ற மார்கழி மாதக் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



குளிர்காலச் சாப்பாடு பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி நம் காரியதரிசி உத்தரவிட்டிருக்கிறார். டெல்லியிலிருந்து வந்திருக்கும் அன்பர்கள் முகத்தில் ஒரு புன்னகை தெரிகிறது. விழிஞ்ஞத்தில் ஏது குளிர்காலம் என்று நினைக்கிறார்கள். இங்கேயும் உண்டு. அதை அளக்க எங்களுக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம், அடுக்களையில் இருக்கும் தேங்காயெண்ணெய் பாட்டில் போதும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் 22, 23 டிகிரி வரை இறங்குவது உண்டு. பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டால் எங்களுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது. நல்லெண்ணெய் இப்படி உறையாது. நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைகள் தேங்காயெண்ணெயைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு ஊரின் குளிர்காலத்துக்கும் ஒரு ருசி உண்டு. பெங்களூரில் அவரைக்காய். டெல்லியில் புதுப் பட்டாணியும் சிவப்புக் காரட்டும். அங்கே தோசை மாவு பொங்காமல் மாமிகள் படும் பாடும் அதோடு சேர்ந்தது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகிவிடுகின்றன. சென்னையில் டிசம்பர் வந்தால் சபா காண்டீன். பாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடைக்கும் காசி அல்வாவுக்கும் போகிறவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் கிழங்கு. சேனை, சேம்பு, காச்சில் என்று இங்கே சொல்லும் பெருவள்ளிக்கிழங்கு, நனகிழங்கு என்னும் சிறுவள்ளி, கூர்க்கை. கூர்க்கையைத்தான் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்தில் சிறுகிழங்கு என்பார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி, தையில் கடைக்கு வரும். திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் 1963-ல் ஆரம்பித்த மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இவற்றுக்காகவே இருக்கிறது. அங்கே உருவான சேனைக்கு ஸ்ரீபத்மா, கூர்க்கைக்கு ஸ்ரீதரா என்று லட்சணமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கிழங்குகள் எல்லாம் ஒன்றுசேரும் நாள் திருவாதிரை. தமிழ்நாட்டில் களியும் ஏழுகறிக் குழம்பும். திருநெல்வேலிக்காரர்கள் எள் வறுத்து அரைத்துத் தாளகம் செய்வார்கள். கேரளத்தில் ஸ்திரீகள் அன்று அரிசியைத் தவிர்த்து விரதம் இருந்து, திருவாதிரைப் புழுக்கு செய்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர்களான நமக்குக் களியும் உண்டு, புழுக்கும் உண்டு.

செய்முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூர்க்கையைச் சாக்கில் போட்டுக் கட்டிக் கல்லில் நாலு அடி அடித்தால் தோல் பாதி போய்விடும். மிச்சத்தைச் சுரண்டும்போது விரலெல்லாம் கறுத்துப்போகும். சேனையும் சேம்பும் அரிக்கும். கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியான படிகங்களாக அதற்குள் இருப்பதுதான் காரணம். பாட்டிகள் கெமிஸ்ட்ரி படிக்காமலே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினார்கள், புளித்தண்ணீரில் வேகவைத்தார்கள். சிவப்புக் காராமணியைத் தனியாக வேகவைத்து, கிழங்குகளை வேகும் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போட்டு, நேந்திரங்காயும் சேர்த்து, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் அரைத்து விட்டு, கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். அவ்வளவுதான். ஆனால் முன்னேற்பாடு மட்டும் இரண்டு மணி நேரம்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. போன வருஷம் திருவாதிரைக்கு முதல் நாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ராஜா கேசவதாசர் காலத்திலிருந்து நடக்கும் கடைவீதி. வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, "சாமி, வீட்டில் ரெண்டு பேர்தானே, இவ்வளவு கிழங்கு எதுக்கு?" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சேனையை அரைக்கிலோவுக்குக் குறைத்து வெட்டித் தர மாட்டார்கள். காச்சில் ஒரு துண்டு. மற்றவை கால் கிலோ வீதம். பயறும் தேங்காயும் சேர்த்தால் பத்து, பன்னிரண்டு பேருக்கு ஆகிவிடும். எழுபது வயதுக்கு மேற்பட்ட இருவர் ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிடுவோம். மீதி குளிர்ப்பெட்டிக்குப் போகும். மூன்றாம் நாள் தென்னை மரத்தடிக்குப் போகும். அடுத்த வருஷம் சகதர்மிணி சொல்லாமலே புழுக்கு நின்றுவிடும்.

நம் வீட்டுச் சமையல் அழிவதற்கு ஹோட்டலும் நூடுல்ஸும் காரணம் என்று மேடைகளில் கேட்கிறோம். என் அபிப்பிராயம் வேறு. சாப்பிட வாய் குறைந்ததுதான் காரணம். இந்தப் பதார்த்தங்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் இருந்த வீட்டுக்காக உண்டானவை. பிள்ளைகள் ஊர் ஊராகப் போனபிறகு, இருவர் இருக்கும் வீட்டில் ஒரு குழம்பு மூன்று நாள் ஓடுகிறது. இருவரில் ஒருவர் போய்விட்டால் தயிர்சாதமும் ஊறுகாயும்தான். வயதானால் நாக்கின் ருசியும் மூக்கின் வாசனையும் குறையும், தாகமும் அவ்வளவாகத் தெரியாது. அதோடு தனிமையும் சேர்ந்தால் சாப்பாடு இன்னும் சுருங்கும். ஜான் டி காஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியலாளர் ஜனங்களைத் தங்கள் சாப்பாட்டைக் குறிப்பேட்டில் எழுதச் செய்து ஆராய்ந்தார். தனியாகச் சாப்பிடும்போது உள்ளே போவதைவிடக் கூட்டாகச் சாப்பிடும்போது கணிசமாக அதிகம் போகிறது என்று கண்டார். இளைஞர்களுக்கு அது எச்சரிக்கை. நம் வயதில் அதுவே மருந்து.

ஆகவே சிநேகிதர்களோடு வெளியே போய்ச் சாப்பிடுவதைக் குறையாகப் பேசாதீர்கள். நாங்கள் நாலைந்து பென்ஷன்காரர்கள் மாதம் ஒருமுறை தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் கூடுகிறோம். லாரி பேக்கர் கட்டிய சுருள் கட்டடம். படி கிடையாது, சரிவாக ஏறிக்கொண்டே போகலாம், முழங்காலுக்கு உபகாரம். காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, ஏ.கே. கோபாலன் முன்னின்று தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்தார். கேரளத்தில் முதல் கடை 1958-ல் திருச்சூரில் வந்தது. மசால் தோசைக்குள் பீட்ரூட் வைக்கும் வழக்கத்தை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே மூன்றாவது காபிக்குள் யாருக்கு என்ன ஆபரேஷன், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். சமைக்கிறவருக்கும் அன்று ஒரு வேளை ஓய்வு. மார்கழியில் நாலு மணிக்கு எழுந்து கோலம் போட்டு, பொங்கல் வைத்து, அப்புறம் இரண்டு வேளைச் சமையல் என்றால் எழுபது வயது உடம்பு தாங்காது. ஆகையால் அந்தக் காபி ஹவுஸுக்கு மாமிகளையும் அழைத்துப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்தில் இதை அமல்படுத்தி ஒரு வருஷம் ஆகிறது.

இன்னொரு விஷயம் சொன்னால் சிலருக்கு ருசிக்காது. பரவாயில்லை. பத்து வாய்க்கு எங்கே போவது? நம் சமூகத்துக்குள் மட்டும் தேடினால் தெருவுக்கு ஒரு வீடுகூடத் தேறாது. இந்த விழிஞ்ஞத்தையே பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் இருக்கிறது. துறைமுகத்தின் ஒரு பக்கம் மாதா கோயில், இன்னொரு பக்கம் பள்ளிவாசல். 2024 ஜூலையில் முதல் பெரிய கொள்கலன் கப்பல் வந்தது; 2025 மே 2-ஆம் தேதி புதிய துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. இங்கே நமக்கு வாய்க்கிற அண்டை வீட்டார் நாயர், ஈழவர், லத்தீன் கத்தோலிக்கர், முஸ்லிம். ஒருகாலத்தில் திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகளில் நமக்கு மட்டும் இலவசமாகச் சாதம் போட்டது. மற்றவர்கள் வெளியே நின்றார்கள். 1917-ல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பிட்டதற்கு, அவர் சொந்த சமூகமே அவரை ஒதுக்கிவைத்தது. ஒரு பிடி சாதத்துக்கு அவ்வளவு விலை இருந்தது. இன்றைக்குக் காபி ஹவுஸில் பக்கத்து மேஜையில் யார் என்று நாம் கேட்பதில்லை. வீட்டுக்குள் மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

நம் ஆசாரம் போய்விடுமே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நம் அடுப்பில் நம் சமையல். வருகிறவர்கள் நம் புழுக்கைச் சாப்பிடுகிறார்கள். இதில் போவதற்கு என்ன இருக்கிறது? அதிலும் குளிர்காலம் இதற்குச் சௌகரியமான காலம். விருச்சிகம் முதல் தேதியிலிருந்து நாற்பத்தொரு நாள் மண்டல விரதம். மாலை போட்ட வீடுகளில் மீன் வாசனையே இருக்காது. மீன் கடைக்குப் பேர்போன இந்த ஊரிலேகூடச் சைவச் சாப்பாட்டுக்கு அந்த மாதத்தில் மவுசு உண்டு; காய்கறி விலையைப் பார்த்தாலே தெரியும்.

போன திருவாதிரைக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். வாங்கிய கிழங்கைத் திருப்பிக் கொடுக்காமல், பக்கத்து நாயர் குடும்பத்தையும், மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற கிறிஸ்தவ டீச்சரம்மாவையும், காபி ஹவுஸ் சிநேகிதர்கள் இருவரையும் கூப்பிட்டோம். டீச்சரம்மா சும்மா வரவில்லை. காலையிலேயே வந்து கூர்க்கை முழுவதையும் சுரண்டிக் கொடுத்தார். நாயர் வீட்டு அம்மா கூவைப்பொடிப் பாயசம் கொண்டுவந்தார். பாத்திரம் காலியானது. ‘ஐயர் வீட்டுப் புழுக்கில் காரம் போதாது’ என்ற விமரிசனமும் கிடைத்தது.

டெல்லி அன்பர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட், மும்பைக்காரர்களுக்கு மாதுங்கா என்று கிழங்குக்கு வழி உண்டு. வெளிநாட்டில் நறுக்கி உறையவைத்த பாக்கெட்டே கிடைக்கிறதாம், அரிப்புமில்லை, சாக்குமில்லை. ஆட்களைச் சேர்ப்பதுதான் உங்கள் பாடு.

திருவனந்தபுரத்தில் இருக்கிறவர்கள் வரும் திருவாதிரைக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம். எத்தனை பேர் என்று மட்டும் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும், காராமணியை முதல் நாள் ராத்திரியே ஊறவைக்க வேண்டும் என்று சகதர்மிணி சொல்லச் சொன்னாள். சேனை நறுக்குவது எங்கள் வீட்டில் ஆண்கள் வேலை. அரிவாள்மணை ஒன்றுதான் இருக்கிறது. வரும் ஆண்கள் ஆளுக்கொரு கத்தி கொண்டுவந்தால் சௌகரியம்.