சிலுவையடியில் ஒரு மெழுகுதிரி

(நவம்பர் மாத நினைவுக் கூட்டத்தில், சங்க மண்டபத்தில் ஆற்றிய உரை)



போரில் மாண்டவர்களை நினைப்பது பற்றியும், சமாதானத்துக்கு உழைப்பது பற்றியும் ஒரு கிறிஸ்தவன் என்ற முறையில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டார். நான் சாமியார் அல்ல. பத்தாவது தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். பிரசங்கம் செய்யத் தெரியாது. கணக்குப் பார்க்கத் தெரியும். ஆகவே இன்று ஒரு கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

கத்தோலிக்கர்களான எங்களுக்கு நவம்பர் இறந்தோரின் மாதம். 2-ம் தேதி கல்லறைத் திருநாள். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு ஓய்ந்தது. அதனால் பல நாடுகளில் போரில் மாண்டவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்துவதும் இதே மாதத்தில்தான்.

நெல்லைச் சீமையில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு என் ஆச்சி மெழுகுதிரிகளை எண்ணி எடுத்து வருவாள். தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. எல்லாம் ஏற்றிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். அதை நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவாள். "இது யாருக்கு ஆச்சி?" என்று ஒரு வருஷம் கேட்டேன். "எங்க அண்ணனுக்குடா. எங்கே புதைச்சாங்கன்னு தெரியாது. சிலுவைக்குத் தெரியும்" என்றாள்.

அந்த அண்ணன் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு கடிதம் நின்றது. தோட்டத்திலேயே காய்ச்சலில் செத்தாரா, சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டாரா, தெரியாது. சொல்வதற்கு ஒரு காகிதம் இல்லை.

தோழர்களே! என் ஆபீசில் ஒரு வேகனில் ஒரு சிமெண்டு மூட்டை குறைந்தால் கேள்வி வரும். எங்கே ஏற்றினாய், எங்கே இறக்கினாய், யார் கையெழுத்து என்று மேலிடத்திலிருந்து காகிதம் வரும். மனிதர்கள் ஆயிரம் ஆயிரமாகக் குறைந்தபோது அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.

4 மீட்டருக்கு ஒரு உயிர்

சயாம், பர்மா மரண ரயில் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகத் தளவாடம் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. ஆகவே தாய்லாந்தின் பான் போங் என்ற ஊரிலிருந்து பர்மாவின் தான்பியூசாயத் வரை காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட்டார்கள். நீளம் 415 கிலோமீட்டர். 1942-ன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பூமியில், அந்த மழையில், மண்வெட்டியும் கூடையும் கொண்டு இதை ஒன்றரை வருஷத்துக்குள் முடித்திருக்கிறார்கள் என்றால், அது மனிதனை விறகாக எரித்துச் செய்த வேலை.

60,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் 12,000-க்கும் மேல் மாண்டார்கள். ஆசியக் கூலிகள் சுமார் 2 லட்சம் பேர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் என்று மற்றவர்களும் இருந்தார்கள். இவர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கவனியுங்கள். கைதிகளுக்குக் கணக்கு உண்டு. கூலிகளுக்கு மதிப்பீடுதான் உண்டு.

இரண்டையும் கூட்டிப் பாதையின் நீளத்தை வகுத்துப் பார்த்தேன். சுமார் 4 மீட்டருக்கு ஒரு உயிர் வருகிறது. ஒரு பெட்டியின் நீளத்துக்குள் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள்.

எப்படிக் கொண்டுபோனார்கள்? நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது இலவச சினிமா என்று கூப்பிட்டு, கதவைப் பூட்டி, கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள் என்று உயிரோடு திரும்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கைதிகளிடம் அவர்களுடைய டாக்டர்கள் சிலராவது இருந்தார்கள், பெயரைக் குறித்துவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களிடம் யார் இருந்தார்கள்? 1943-ல் காலரா வந்தபோது கூலி முகாம்கள் அப்படியே அழிந்தன.

யாருக்குக் கல்?

போர் முடிந்தது. காஞ்சனபுரியில் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். சுமார் 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். அது நியாயம், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தான். தாய்லாந்துப் பக்கத்துப் பாதை தாய்லாந்து அரசுக்கு விற்கப்பட்டது. இன்றும் அதில் நாம் டோக் வரை ரயில் ஓடுகிறது. 1944-ல் ஜப்பானிய ராணுவமே பாலத்துக்கு அருகே ஒரு நினைவுச் சின்னம் கட்டியது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு தமிழன் பெயர்கூட அதில் இல்லை. தமிழர்களுக்கு என்று அங்கே ஒரு நடுகல் எழும்ப 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் தமிழர்களே முயன்று எழுப்பினார்கள்.

இங்கேதான் கிறிஸ்தவனாகிய நான் பேச வேண்டியிருக்கிறது. இயேசுநாதர் சொன்ன கதைகளில் ஒன்று பணக்காரனும் பிச்சைக்காரனும் பற்றியது. அந்தக் கதையில் பணக்காரனுக்குப் பெயர் இல்லை. வாசலில் புண்ணோடு கிடந்த ஏழைக்குப் பெயர் உண்டு. லாசர்! உலகத்தின் நினைவுச் சின்னங்கள் ஜெனரலின் பெயரை எழுதி, கூலியின் பெயரை விட்டுவிடுகின்றன. கிறிஸ்து அதைத் தலைகீழாகப் புரட்டி வைத்தார். நூறு ஆட்டில் ஒன்று குறைந்ததற்காகத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஆகவே விடுபட்டவனைத் தேடி எண்ணுவதுதான் கிறிஸ்தவ நினைவு. 90,000 பேரை விட்டுவிட்டுச் செய்யும் அஞ்சலி பாதி அஞ்சலி.

பகைவனை என்ன செய்வது?

"அப்படியானால் ஜப்பான்காரனை வெறுக்கச் சொல்கிறாயா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை.

எர்னஸ்ட் கார்டன் என்று ஒரு ஸ்காட்லாந்து அதிகாரி அந்தப் பாதையில் கைதியாக இருந்தார். பின்னாளில் பாதிரியாரானார். அவர் எழுதி வைத்திருக்கிற சம்பவம் ஒன்று. பாதை முடிந்த பிறகு கைதிகள் ரயிலில் போகும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் பர்மாவிலிருந்து வந்த வண்டி ஒன்று நிற்கிறது. உள்ளே காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்கள். புண்ணில் புழு. கவனிக்க ஆளில்லை. கைதிகள் இறங்கிப் போய்த் தங்கள் தண்ணீரைக் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள். சொந்தப் பக்கத்து அதிகாரி ஒருவரே கோபித்தார், பகைவனுக்கா செய்கிறீர்கள் என்று. கார்டன் நல்ல சமாரியன் கதையை அவருக்கு நினைவுபடுத்தினார்.

எரிக் லோமாக்ஸ் என்பவரும் அங்கே கைதி. சிறு வயதிலிருந்தே ரயில் பைத்தியம். ரகசியமாக ரேடியோ வைத்திருந்த விஷயத்தில் சித்திரவதைப்பட்டார். அப்போது ஜப்பானியருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவர் நகாசே தகாஷி. போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடிய குழுவோடு பாதை நெடுகப் போன நகாசே, தன் நாடு செய்ததைப் பார்த்து மனம் உடைந்தார். பாலத்துக்கு அருகே ஒரு புத்த கோயில் கட்டினார். 1993-ல் இருவரும் காஞ்சனபுரியில் சந்தித்தார்கள். லோமாக்ஸ் அவரை மன்னித்தார். அதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. நகாசே பொய் சொல்லியிருந்தால், "நான் வெறும் மொழிபெயர்ப்பாளன், எனக்கென்ன" என்று தப்பியிருந்தால், அந்த மன்னிப்பு நடந்திருக்குமா? மன்னிப்புக்கு முன்னால் உண்மை நிற்க வேண்டும்.

உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கையில் ஆணித் தழும்பு மறையவில்லை. அதைக் காட்டித்தான் சீஷர்களுக்குச் சமாதானம் சொன்னார். பழியும் வேண்டாம், மறதியும் வேண்டாம் என்பதற்கு எனக்கு அதுவே சாட்சி.

உண்மை நம் பக்கத்துக்கும் வேண்டும். வெள்ளைக்காரன் நம்மவர்களைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினான், போர் வந்ததும் கைவிட்டு ஓடினான். அவனை விரட்ட ஜப்பானோடு கைகோர்த்த நம் தலைவர்களின் நாட்டுப்பற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் அதே ஜப்பானின் பிரம்படியில் நம் கூலிகள் செத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. கிறிஸ்தவ சபைகள் மட்டும் சுத்தமா? இரு பக்கத்துப் பீரங்கிகளுக்கும் இரு பக்கத்துக் குருமார்கள் ஆசீர்வாதம் செய்த காலம் உண்டு. 1963-ல் பாப்பரசர் இருபத்திமூன்றாம் அருளப்பர் சமாதானம் பற்றிய திருமடலைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் எழுதாமல் நல்லெண்ணம் கொண்ட எல்லாருக்கும் எழுதினார். உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகிய நான்கின் மேல்தான் சமாதானம் நிற்கும் என்றார். உண்மை முதலில் வருகிறது.

நாம் செய்ய வேண்டியது

2025 மே மாதம் எல்லையில் குண்டு விழுந்த நாட்களில் நம் பிள்ளைகள் செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போலச் செத்தவர் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு நம் வீட்டுப் போர்க் கதையை நாம் சொல்லவில்லை. போர் என்றால் ஆச்சியின் கையில் மிஞ்சிய மெழுகுதிரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

சினிமா காட்டிப் பிடித்த காலம் போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன இந்திய இளைஞர்கள் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, உக்ரைன் போர்முனையில் சிலர் மாண்ட செய்தி 2024-ல் வந்தது. பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்தவர்கள் நாம். ஏஜெண்டின் வார்த்தை நம் வாசலுக்குத்தான் முதலில் வரும்.

சமாதானம் பண்ணுகிறவர்களைத்தான் இயேசுநாதர் பாக்கியவான்கள் என்றார். பண்ணுவது என்றால் வேலை. ஆகவே வேலை சொல்கிறேன்.

ஒன்று, சங்கத்தில் ஒரு பதிவேடு திறக்கிறோம். மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாதவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் பெயர், ஊர், தகப்பன் பெயர், கடைசிக் கடிதம் வந்த வருஷம், தெரிந்ததைச் சொல்லுங்கள். எந்த மதம், எந்த ஜாதி என்று கேட்க மாட்டோம்.

இரண்டு, வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் காகிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்கிறோம். ஒரு நகல் இங்கே இருக்கட்டும். ஆளைத் தேட அது உதவும்.

மூன்று, போர்ச் செய்தி வரும் நாட்களில் பக்கத்து வீட்டுக்காரன் எந்த மதமானாலும் அவன் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். "பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். மும்பையில் வெளியூர்க்காரனாக நின்று பயந்த அனுபவம் நமக்கும் உண்டு.

பதிவேடு அந்த மேஜையில் இருக்கிறது. முதல் வரியில் ஆச்சியின் அண்ணன் பெயரை இன்று மாலையே எழுதிவிட்டேன். இறந்த தேதி என்ற இடம் காலியாக இருக்கிறது. பேனாவும் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்குப் போகும் முன் அந்த மேஜை வழியாகப் போங்கள்.