பிள்ளையின் பேரில் எழுதும் வரி

(செஞ்சியில் பெற்றோரிடையே ஆற்றிய உரை)



மில்லில் ஒரு தொழிலாளி மீது குற்றம் சொன்னால் முதலில் மெமோ வரவேண்டும், பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும், விசாரணை நடக்கவேண்டும். சும்மா கிடைத்த முறையல்ல இது. ஆனால் நம் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையன் பேரில் பள்ளியில் ஒரு வரி எழுதினால், அதை நமக்கு யார் படித்துக் காட்டுகிறார்கள்?

முன்பெல்லாம் அந்த வரி பள்ளிக்கூடத்துப் பீரோவில் கிடந்தது. இன்று ஒவ்வொரு மாணவனுக்கும் எமிஸ் என்னும் அரசின் கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு. வருகையும், மாற்றுச் சான்றிதழும் அதன் வழியேதான். அந்தச் சான்றிதழில் நடத்தை என்று ஒரு வரி இருக்கிறது. ‘நன்று’ என்று எழுதியிருக்கும்வரை யாரும் அதைப் பார்ப்பதில்லை. 2022 மே மாதம், ஆசிரியர்களை மாணவர்கள் மிரட்டிய வீடியோக்கள் பரவிய சமயத்தில், அப்படிப்பட்டவர்களை நீக்கிக் காரணத்தையும் சான்றிதழில் எழுதுவோம் என்று கல்வி அமைச்சர் அறிவித்தார். ஆசிரியரை நோக்கிக் கை ஓங்குவதை நாம் ஒருநாளும் ஆதரிக்கமாட்டோம். அவரும் உழைப்பாளியே, கணினியில் விவரம் ஏற்றி ஏற்றிச் சலித்திருப்பவரும் அவரே. ஆனால் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம். அதற்கு மேல் படிப்பவனும் அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு எந்தப் பள்ளி வாசலில் போய் நிற்பான்?

நம் கோட்டையில் கல்லில் வெட்டியது இன்றும் நிற்கிறது. கோபத்தில் பெஞ்சை உடைத்த பையனின் கதையும் கல்வெட்டாக வேண்டுமா? சட்டத்தை மீறிய சிறுவனின் பதிவுகளையே, கொடுங்குற்றம் போன்றவை தவிர, பின்னாளில் அழித்துவிடச் சொல்கிறது 2015ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டம்.

அப்படியானால் எதையுமே எழுதக் கூடாதா? அதுவும் தவறு, தோழர்களே! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரிவாள் வருவதற்கு முன்பே பள்ளியில் அவன் பட்ட கொடுமை எந்தக் கணக்கில் ஏறியது?

அமெரிக்காவில் பள்ளிகள் தண்டனைகளை எண்ணி அரசுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணிக்கைதான் உண்மையை வெளியே இழுத்தது: 2013-14ல் வெள்ளை மாணவரைவிடக் கறுப்பு மாணவர் பள்ளியிலிருந்து தாற்காலிகமாக நீக்கப்படும் வாய்ப்பு 3.8 மடங்கு! கலிபோர்னியாவில் ‘அடங்காமை’ என்று ஒரு காரணம் இருந்தது. எதை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம். அந்தக் காரணத்துக்காக மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை நீக்கக் கூடாது என்று 2014ல் சட்டம் வந்தது. பிறகு அது மேல் வகுப்புகளுக்கும் நீண்டது.

ஆகவே, பேரில்லாத கணக்கை நாம் கேட்போம். எத்தனை சண்டை, என்ன காரணம், சாதிச் சொல் எத்தனை முறை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்போம். அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அன்றைய கூலி போகும். அது நமக்குத் தெரியாததல்ல. முறை வைத்துப் போவோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகிறவர்கள் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நடத்தை வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.