வாலாட்டி வந்தாச்சு



ஆவணி மாதம் வந்தால் பறவை பார்ப்பவர்கள் கோடியக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். வடக்கிலிருந்து உள்ளான்கள் வந்திறங்கும் காலம் அது. கடலே எட்டிப் பார்க்காத ஜவ்வாது மலைக்கும் ஏறக்குறைய அதே நாட்களில் ஒரு விருந்தாளி வருகிறது: சாம்பல் வாலாட்டி.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமைக் கொல்லையை ஒட்டி ஓடும் ஓடைகளில் காலையிலேயே போய்ப் பாருங்கள். முதலில் "ச்சிட்-ச்சிட்" என்று கூர்மையான ஒரு குரல் கேட்கும். பிறகுதான் ஆள் தெரியும். ஈரப்பாறை மேல் நின்றுகொண்டு, நீண்ட வாலை மேலும் கீழும் ஓயாமல் ஆட்டும். முதுகு சாம்பல், வாலடி நல்ல எலுமிச்சை மஞ்சள். சட்டென்று ஓரடி எம்பி, தண்ணீர் மேல் பறக்கும் பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே பாறைக்குத் திரும்பும்.

எடை இருபது கிராம்கூட இருக்காது, சிட்டுக்குருவியை விடக் குறைவு. அது இமயமலை ஓடைக்கரையிலோ அதற்கும் அப்பாலோ குஞ்சு பொரித்துவிட்டு, 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்கிறது. போன வருஷம் தங்கிய அதே ஓடைக்கே திரும்பி வருவதும் உண்டு. எனக்கு இன்னும் தீராத ஆச்சரியம் இது.

வலசை போகும் பறவைகளில் பல, இரவில் விண்மீன்களைப் பார்த்துத் திசை அறிகின்றன. இதே மலையில்தான், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து நாமும் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பங்குனி, சித்திரை வரை வாலாட்டி இங்கேதான் இருக்கும். ஓடைக்கரையில் பிளாஸ்டிக் பையைப் போடாமல் வாருங்கள். அது இரை தேடும் இடம் அந்த நாலடி ஈர மணல்தான்.