சாம்பல்ல மரம் வளருமா?

போன மாசம் எங்க ஆபீஸ்ல மரம் நடுற நாள். எண்ணூர் பக்கம் ஒரு காலி இடம். குழி தோண்டினா வந்தது மண் இல்ல, சாம்பல். வேப்பங்கன்னும் புங்கங்கன்னும் நட்டோம், தண்ணி ஊத்தினோம், செல்ஃபி எடுத்துட்டு வந்துட்டோம். மூணு வாரம் கழிச்சு திருவொற்றியூர்லேருந்து பைக்ல போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல கருகிக் கிடந்தது. வெயில்தான் காரணம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வெயில் மட்டும் இல்லைங்க.

முதல்ல, எண்ணூர்ல இவ்வளவு சாம்பல் எப்படி? ஒடிசா தால்சர் சுரங்கத்து நிலக்கரி கப்பல்ல இங்க வந்து, வட சென்னை அனல்மின் நிலையத்துல எரியுது. நம்ம நாட்டு நிலக்கரியில 100 கிலோ எரிச்சா 30லேருந்து 45 கிலோ வரைக்கும் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணியில கரைச்சு, குழாய் வழியா செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புறாங்க. குழாய் கசிஞ்சு, கொசஸ்தலை ஆத்துலயும் சாம்பல் படிஞ்சது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம் இது.

சரி, செடிக்கு அங்க என்ன பிரச்சனை? நாலு விஷயம்.

ஒண்ணு, நைட்ரஜன். அடுப்புலயே அது எரிஞ்சு போயிடுது. மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

ரெண்டு, உயிர். நல்ல மண்ணுல ஒரு கைப்பிடியில கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கும். புதுச் சாம்பல்ல அநேகமா எதுவும் இல்ல.

மூணு, மாவு மாதிரி துகள். நனைஞ்சு காய்ஞ்சா மேல ஓடு கட்டிக்கும், வேர் இறங்காது. காத்தடிச்சா பறந்து வீட்டுக்குள்ள வரும்.

நாலு, ரசாயனம். பெரும்பாலும் காரத்தன்மை, கூடவே போரான். அளவு மீறினா இலை ஓரம் கருகும். ஆர்செனிக், செலினியம் மாதிரி தனிமங்களைச் செடி உறிஞ்சிக்கவும் செய்யலாம். அதனால அங்க முருங்கை நட்டு கீரை பறிக்கிறது வேண்டாம்.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. மேல நல்ல மண் போட்டு, தொழு உரம் கலந்து, முதல்ல நாணல் மாதிரி புல்லு. அப்புறம் கொளுஞ்சி, அகத்தி. இதுங்க வேர்ல இருக்குற பாக்டீரியா காத்துலேருந்து நைட்ரஜன் பிடிச்சுத் தரும். மரம் கடைசி. சுரங்கத்துல தோண்டிக் கொட்டின மண்மேட்டுக்கும் இதே வரிசைதான். நாங்க கடைசி ஸ்டெப்பை முதல்ல ரன் பண்ணிட்டோம்.

ஆனா ஒரு விஷயம். இந்த வைத்தியம் சாம்பல் குளத்துக்குத்தான். ஆத்துல, கழிமுகச் சேத்துல விழுந்த சாம்பல் மேல மண்ணைக் கொட்டி மரம் நட்டா, அது பசுமை இல்லைங்க, மூடி மறைக்கிறது. அந்த இடத்துக்கு மரமே தேவையில்ல. அது இறால் வளர்ற இடம், மீனவங்க சோறு. அங்க சாம்பலை அள்ளி எடுக்கணும், கடல் தண்ணி ஏறி இறங்க வழி விடணும். அலையாத்தி அதுக்கப்புறம்தான்.

அடுத்த தடவை யாராவது கன்னு நட கூப்பிட்டா, குழியில ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்க. மண்ணா, சாம்பலா? அந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு பக்கத்துல இருக்குற மீனவர் ஒருத்தர்கிட்ட கேளுங்க. அப்புறமா மம்பட்டியை எடுக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.